சம்மனை வாங்காமல் நழுவிக்கொண்டே இருப்பவருக்கு எப்படிச் சார்வு செய்வது?

கேள்வி: கடன் பாக்கிக்காக சிவில் வழக்கு போட்டிருக்கிறேன். சம்மன் மூன்று முறை திரும்பிவிட்டது. ஆள் ஊரில்தான் இருக்கிறார். பேசாமல் பேப்பரில் விளம்பரம் கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். முதலில் திரும்பி வந்த தபால் கவரையும் அமீனாவின் (சம்மனை நேரில் கொடுக்கப் போகும் கோர்ட் ஊழியரின்) அறிக்கையையும் எடுத்துப் படியுங்கள். என்ன காரணம் எழுதித் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை.

தபால்காரர் ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதியிருந்தால் அதிர்ஷ்டம். சி.பி.சி. (சிவில் நடைமுறைச் சட்டம்) ஆர்டர் 5 ரூல் 9-ன்படி சம்மன் சார்வு ஆனதாக, அதாவது சட்டப்படி போய்ச் சேர்ந்ததாக, கோர்ட்டே அறிவிக்கும். ‘தகவல் கொடுத்தும் பெறவில்லை’ என்பதும் உங்களுக்குச் சாதகம்தான். சரியான விலாசத்துக்கு முறையாக அனுப்பிய தபால் போய்ச் சேர்ந்ததாக அனுமானிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ‘கதவு பூட்டியிருந்தது’ பலவீனம். ‘விலாசதாரர் சென்றுவிட்டார்’ என்று வந்தால் பாதகம், நீங்கள் கொடுத்த விலாசமே தப்பு என்றாகிவிடும். அவர் அங்கேதான் குடியிருக்கிறார் என்றால் வாக்காளர் பட்டியல் போல ஏதாவது ஆதாரத்தோடு மெமோ (கோர்ட்டுக்கு ஒரு சிறு குறிப்பு) போட்டு, மறுபடி சம்மன் கேளுங்கள்.

கேட்பதில் தாமதம் கூடாது. சார்வு ஆகாமல் திரும்பியது பதிவான பிறகு 7 நாளுக்குள் புது சம்மனுக்கு விண்ணப்பிக்காவிட்டால் ஆர்டர் 9 ரூல் 5-ல் வழக்கு தள்ளுபடி ஆகலாம். பேட்டா, அதாவது சம்மன் அனுப்பும் கட்டணம், கட்ட மறந்தாலும் இதே கதிதான். பிரதிவாதி ஒளிந்ததால் விழும் வழக்கைவிட வாதி பேட்டா கட்டாமல் விழும் வழக்கு அதிகம் என்று வக்கீல்கள் கேலியாகச் சொல்வார்கள்.

விலாசத்தில் தகப்பனார் பெயர், பழைய கதவு எண், புதிய எண், அடையாளத்துக்கு ஒரு கோயிலோ கடையோ எல்லாம் இருக்கட்டும். வீட்டோடு அவர் கடை, வேலை பார்க்கும் இடத்தையும் சேருங்கள். அரசு ஊழியராக இருந்தால் அலுவலகத் தலைவர் மூலம் அனுப்பச் சொல்லலாம். வீட்டில் ஒளிகிறவர் அலுவலகத்தில் ஒளிவது கஷ்டம்.

நேரில் கொடுக்கப் போகிறவர் அமீனா. அவர் பகல் 12 மணிக்குப் போனால் ஆள் இருக்க மாட்டார்; காலை 7 மணிக்கோ இரவிலோ போனால் மாட்டுவார். ஆள் இல்லை, சீக்கிரம் வரும் வாய்ப்பும் இல்லை, அவர் சார்பில் வாங்கிக்கொள்ள ஏஜென்ட்டும் இல்லை என்றால் கூடவே குடியிருக்கும் வயது வந்த குடும்பத்தார், மனைவியோ மகனோ மகளோ, வாங்கினால் செல்லும். வேலைக்காரர் குடும்பத்தார் ஆகமாட்டார் என்று ஆர்டர் 5 ரூல் 15-ன் விளக்கத்திலேயே இருக்கிறது. அபார்ட்மென்ட் செக்யூரிட்டி போட்ட கையெழுத்தும் உதவாது.

வாங்கி, கையெழுத்துப் போட மறுத்தாலோ, முறையாகத் தேடியும் ஆள் அகப்படாவிட்டாலோ அதே ஆர்டரின் ரூல் 17-ன்படி கதவில் ஒட்டலாம். பெரும்பாலான வழக்குகள் கெடுவது இங்கேதான். ‘சென்றேன், ஆள் இல்லை, கதவில் ஒட்டினேன்’ என்று அமீனா ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிடுவார். ஒரே தடவை, அதுவும் வேலை நேரத்தில் போய்விட்டு வந்ததை ‘முறையான தேடல்’ என்று எந்த நீதிபதியும் ஏற்கத் தயங்குவார். நிற்கக்கூடிய அறிக்கை வேறு மாதிரி இருக்கும்: இன்ன தேதி காலை 7.10-க்குப் போனேன், மனைவி ‘வெளியூர்’ என்றார், எப்போது வருவார் என்று சொல்லவில்லை, வாங்கவும் மறுத்தார். மறுபடி இன்ன தேதி மாலை 6.30-க்குப் போனேன், வீடு பூட்டியிருந்தது. வீட்டை அடையாளம் காட்டியவர் இன்னார், அவர் விலாசம் இது. அவர் முன்னிலையில் வெளிக்கதவில் ஒட்டினேன். அடையாளம் காட்டியவரின் பெயரும் விலாசமும் கட்டாயம். அதனால் அமீனாவோடு உங்கள் தரப்பில் ஒருவர் போவது நல்லது. கதவு எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளட்டும். அறிக்கையோடு அமீனாவின் பிரமாண வாக்குமூலம் இல்லையென்றால் ரூல் 19-ல் அவரைக் கோர்ட் விசாரித்தாக வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகுதான் ரூல் 20 மனு, அதாவது பேப்பர் விளம்பரம். மனுவுக்கான அபிடவிட்டில் (பிரமாண வாக்குமூலத்தில்) ‘வேண்டுமென்றே தவிர்க்கிறார்’ என்று மொட்டையாக எழுதாமல் தேதிவாரியாக எழுதுங்கள். அவர் கடைசியாகக் குடியிருந்த அல்லது தொழில் செய்த பகுதியில் ஓடும் நாளிதழாக இருக்க வேண்டும். மதுரைக்காரருக்குச் சென்னைப் பதிப்பில் போட்டால் பணம் தண்டம். வாய்தாவுக்கு, அதாவது கோர்ட் விசாரணைத் தேதிக்கு, போதிய நாள் முன்னதாக வரவேண்டும். விளம்பரத்தை வெட்டி எடுக்காமல் முழுப் பக்கத்தையும் தாக்கல் செய்யுங்கள், தேதியும் பதிப்பும் அதில்தான் தெரியும்.

ஏன் இதைக் கடைசியில் வை என்கிறேன் என்றால், எக்ஸ்பார்ட்டி டிக்ரியை (பிரதிவாதி வராததால் ஒருதலையாக வந்த தீர்ப்பாணையை) ரத்து செய்யக் கேட்கும் கெடு 30 நாள். சம்மன் சரியாகச் சார்வு ஆகியிருந்தால் அது டிக்ரி தேதியிலிருந்து ஓடும். காலவரம்புச் சட்டம் ஆர்ட்டிக்கிள் 123-ன் விளக்கமோ, ரூல் 20 சார்வை இந்தக் கணக்குக்குச் சரியான சார்வாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது; அப்போது கெடு டிக்ரி அவருக்குத் தெரிந்த தேதியிலிருந்துதான் ஓடும். ஆகவே விளம்பரத்தை நம்பி வாங்கிய டிக்ரியை, இரண்டு வருஷம் கழித்து நீங்கள் ஜப்திக்குப் போகும்போது, ‘இப்போதுதான் தெரிந்தது’ என்று வந்து அவர் கிளறலாம். ‘மறுத்தார்’ என்று பதிவானவருக்கு அந்த வசதி கிடையாது. எதிர்வழக்குரைக்கான (எழுத்து மூலமான பதிலுக்கான) 30 நாளும், அதிகபட்ச 90 நாளும் அவருக்குச் சம்மன் சார்வான அன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.

விளம்பரம்தான் வழி என்றாகிவிட்டால், அவருக்கு வாய்தா தேதி முன்பே தெரியும் என்பதற்கு ஆதாரம் சேர்த்து வையுங்கள். தேதி தெரிந்தும், வரப் போதிய அவகாசம் இருந்தும் வராதவருக்காக, சார்வில் உள்ள சின்னக் குறையை மட்டும் வைத்து டிக்ரியை ரத்து செய்யக் கூடாது என்று ஆர்டர் 9 ரூல் 13 சொல்கிறது. சம்மனைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புங்கள். ‘கோர்ட்ல பாத்துக்கலாம்’ என்று அவர் பதில் போட்டால், அந்தப் போனை மாற்றாமல், சாட் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். ஸ்கிரீன்ஷாட்டைத் தாக்கல் செய்யும்போது 2023 சாட்சியச் சட்டம் பிரிவு 63 சான்றிதழும் கூட இருக்க வேண்டும்.