இழப்பு ஏற்பாடு ஏன் பாதீட்டைத் தாண்டுகிறது?

கேள்வி: கிளைகளின் கடன் இலக்குகளைத் திரட்டித்தான் எங்கள் வங்கியின் பாதீட்டைத் தயாரிக்கிறோம். வட்டி வருமானம் ஏறத்தாழச் சரியாக வருகிறது. கடன் இழப்பு ஏற்பாடு (திரும்பி வராமல் போகக்கூடிய கடனுக்காக ஒதுக்கும் தொகை) மட்டும் ஒவ்வோர் ஆண்டும் மீறுகிறதே?
(வாசகர், கொழும்பு)

பதில்: போன ஆண்டுத் தொகையோடு பத்து வீதம் கூட்டி எழுதியிருப்பீர்கள், பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. 2018 ஜனவரி 1 முதல் எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ். 9 என்ற இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் நடைமுறையில் உள்ளது. கடன் கெடும்வரை இப்போது காத்திருக்க முடியாது. நல்ல கடனுக்கும் (இது முதலாம் நிலை) அடுத்த 12 மாதங்களில் தவறினால் வரக்கூடிய இழப்பைப் பதிய வேண்டும். ஆக, கடன் இலக்கை உயர்த்தினால், கடனைக் கொடுக்கும்போதே ஏற்பாடும் உயரும்.

கழிவிடலை (வருங்காலத் தொகையை இன்றைய பெறுமதிக்குக் குறைப்பதை) விட்டுக் கணக்கைப் பாருங்கள். 1,000 மில்லியன் ரூபா கடன்; 12 மாதத்தில் கடனாளி செலுத்தத் தவறும் வாய்ப்பு 2 வீதம்; தவறினால் இழப்பு 45 வீதம். ஏற்பாடு 9 மில்லியன். இதில் 200 மில்லியனுக்குத் தவணை 30 நாளுக்கு மேல் பிந்துகிறது. இடர் கூடவில்லை என்று ஆதாரம் காட்டாவிட்டால் அது இடர் கணிசமாகக் கூடிய கடன்களுக்கான இரண்டாம் நிலைக்குப் போகும். அங்கே கடனின் முழு ஆயுட்காலத்துக்குமான இழப்பைப் பதிய வேண்டும். ஆயுட்கால வாய்ப்பு 20 வீதம் என்றால், அந்த 200 மில்லியனின் ஏற்பாடு 1.8இலிருந்து 18 மில்லியனாகும். இன்னும் ஒருவரும் முழுதாகத் தவறவில்லை! பாதீட்டில் நிலுவைத் தொகை மட்டும் இருந்தால் இந்தப் பாய்ச்சல் தெரியாது. மாதவாரியாக எவ்வளவு எந்த நிலைக்கு நகரும் என்ற அட்டவணை வேண்டும்.

மூன்றாம் நிலையில், அதாவது கடன் கெட்டபின், வட்டியும் சுருங்கும். 100 மில்லியன் கடனுக்கு 45 மில்லியன் ஏற்பாடு இருந்தால், 14 வீத வட்டி மீதி 55 மில்லியனுக்கே: 14 அல்ல, 7.7 மில்லியன்.

இன்னொன்று, திட்டமிடல் பிரிவு ஒரு பொருளாதார எதிர்வுகூறலையும் இடர் பிரிவு வேறொன்றையும் வைத்திருப்பது. ஏற்பாட்டுக்குப் பல சூழ்நிலைகளை நிகழ்தகவால் நிறையிட வேண்டும். பாதீட்டுக்கோ நல்ல சூழ்நிலை ஒன்றே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். 2022 ஏப்ரல் 12இல் அரசு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்திய பின், அதன் டொலர் முறிகளை வைத்திருந்த வங்கிகளுக்கு ஒற்றை எதிர்வுகூறலின் விலை என்னவென்று புரிந்தது.

கேள்வி: கடன் செயலாக்கக் கட்டணத்தை அந்த ஆண்டு வருமானமாகவே பாதீட்டில் போடலாமா?
(வாசகர், மட்டக்களப்பு)

பதில்: கூடாது. கடன் வழங்கலோடு ஒட்டிய கட்டணம் பயனுறு வட்டியின் (கட்டணத்தையும் சேர்த்துக் கடனின் ஆயுட்காலம் முழுவதற்கும் கணிக்கும் வட்டியின்) பகுதி. ஐந்தாண்டுக் கடனுக்கு 1,00,000 ரூபா வாங்கினால் ஆண்டுகளுக்குப் பரவும். முதலைத் தவணையில் அடைத்துவரும் கடனென்றால் முதலாண்டுகளில் சற்றுக் கூடுதலாக விழும்.