பழைய மதுவிடுதியின் எச்சங்களைக் காத்து ஊர்ப் பொது இடமாக்குவது வீண் செலவா?

உங்கள் ஊர்ப் பழைய மதுவிடுதியில் எஞ்சியிருப்பதைக் காத்துப் பொது இடமாக்குவது வீண் செலவா என்று கேட்டிருந்தீர்கள். கட்டட நிறுவனம் எதுவோ அந்த மனையைக் கேட்டிருக்கும், "குடிக்கிற இடத்துக்கு என்ன வரலாறு வேண்டியிருக்கிறது" என்று உங்கள் வீட்டிலும் யாராவது கேட்டிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். அதே கேள்வியை நானும் ஒருநாள் கேட்டவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். குடிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சண்டைக்கு வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் இன்றுவரை ஒரு துளியும் தொட்டதில்லை.

லண்டன் கில்பர்னில் கார்ல்டன் டேவர்ன் என்ற மதுவிடுதிக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். அங்கே முன்பு இருந்த விடுதி முதல் உலகப்போரில் ஜெர்மானியர் வீசிய குண்டில் அழிந்துபோக, 1920-21இல் அதே இடத்தில் எழுப்பிய கட்டடம் அது. அதைக் காக்கக் கையெழுத்துக் கேட்டு வந்த எதிர்வீட்டு மூதாட்டியிடம், எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். 2015 ஏப்ரலில், பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிப்பதற்கான பரிசீலனை முடியும் தறுவாயில், உரிமை பெற்றிருந்த நிறுவனம் அனுமதியில்லாமல் அதை இடித்துத் தள்ளியது. வேலைக்குப் போகும் வழியில் கம்பி வேலிக்கு அப்பால் செங்கற்குவியலைப் பார்த்தேன். உடைந்த சுவர் ஓடு ஒன்றின் பளபளப்பான முகம் மட்டும் தூசியிலிருந்து வெளியே தெரிந்தது. அன்று முழுவதும் அந்த மூதாட்டியின் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இடித்ததை முன்பிருந்தபடியே திரும்பக் கட்ட வேண்டும் என்று வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி உத்தரவிட்டது. அதை எதிர்த்த மேல்முறையீடும் பொது விசாரணைக்குப் பின் 2016இல் தள்ளுபடியானது. இந்த உத்தரவு ஏட்டளவில் நின்றுவிடாததற்குக் காரணம், ஊர்க்காரர்கள் முன்கூட்டியே சந்தேகப்பட்டு, மரபுச் சின்னங்களுக்கான அமைப்பைக் கொண்டு கட்டடத்தை விரிவாகப் பதிவு செய்ய வைத்திருந்ததுதான். இடிபாட்டிலிருந்து மீட்ட பகுதிகளையும் சேர்த்துக் கட்டி, 2021 ஏப்ரலில் விடுதியைத் திறந்தார்கள். ஆகவே நீங்கள் நிதி திரட்டுவதற்கு முன், எஞ்சியிருக்கும் ஒவ்வொரு சுவரையும் அளந்து படமெடுத்து வையுங்கள். அதன்பின் உரிமை யாருக்கு என்று யோசிக்கலாம்: தென்கிழக்கு லண்டனின் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் என்ற விடுதியை 2013இல் 371 பேர் பங்கு போட்டு வாங்கி ஊர்ச் சொத்தாக்கினார்கள்.

செலவைப் பற்றிப் பேசுபவர்களுக்கு என் அனுபவம் ஒன்றுண்டு. எங்கள் குடியிருப்பில் இருந்த ஒரே பொதுக்கூடத்தை, பராமரிக்கப் பணமில்லை என்று நிர்வாகம் பூட்டிவிட்டது; மூன்று முறை எழுதியும் பதில் இல்லை. இப்போது எங்கள் குடியிருப்போர் கூட்டம் நடப்பது திரும்பக் கட்டிய கார்ல்டன் விடுதியின் ஓர மேசையில்தான். நான் ஆரஞ்சுச் சாறு வாங்கிக்கொள்கிறேன். எதிர்வீட்டு மூதாட்டி சுவரில் எது பழைய கல், எது புதிய கல் என்று விரல் வைத்துக் காட்டுகிறார்; எனக்கு இன்னும் வித்தியாசம் தெரியவில்லை.