‘சலம்’ என்றால் என்ன, சிஸ்டர்? – வாசகர் கேள்விகளுக்கு ஒரு சமுதாய சுகாதார செவிலியரின் பதில்கள்

மண்டபம் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து, சமுதாய சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவள் நான். இலங்கை அகதிகள் முகாம் சம்பந்தமான கேள்விகள் சேர்ந்துகொண்டே போனதால் இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். 2021இல் அரசு அதை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றிவிட்டது. பஸ் கண்டக்டருக்கு இன்னும் அது ‘மண்டபம் கேம்ப்’தான்.

முகாமும் சேர்ந்த பகுதிக்குப் புதிதாக வந்திருக்கிறேன். எல்லாரும் தமிழ்தான் பேசுகிறார்கள், அதனால் மொழிப் பிரச்சினை இல்லை. வேறு எதைக் கவனிக்க வேண்டும், சிஸ்டர்?
– கிராம சுகாதார செவிலியர், மண்டபம்

மொழியைத்தான் கவனிக்க வேண்டும், தங்கச்சி. ஒரே தமிழ்தானே என்று நினைத்து நான் பட்டது போதும்.

2006இல் இலங்கையிலிருந்து படகு படகாக வந்துகொண்டிருந்த சமயம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், “முட்டு வருத்தம் மிஸி, கனகாலமா இருக்கு” என்றார். என் காதில் விழுந்தது ‘மூட்டு’. டாக்டரிடம் மூட்டு வலி என்று சொன்னேன். அன்று கூட்டம் அதிகம். என் பேச்சை நம்பி அவரும் வலி மாத்திரை எழுதினார். மறுநாள் சாயங்காலம் அவருடைய மகள் ஓடி வந்தாள். போய்ப் பார்த்தால் அம்மா திண்ணையில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வருகிறது. முட்டு என்றால் அவர்களுக்கு ஆஸ்துமா. இழுப்பு உள்ள சிலருக்கு வலி மாத்திரையே இழுப்பைக் கிளப்பிவிடும். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய் நெபுலைசர் வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அன்றைக்கு ஒரு நோட்டு போட்டேன். வருத்தம் என்றால் அவர்களுக்கு நோய், நமக்குத்தான் அது மனசு. சத்தி என்றால் வாந்தி. ஓங்காளம் என்றால் குமட்டல். குளிசை என்றால் மாத்திரை. சீனி வருத்தம் நம்ம சுகர். தொய்வு என்றாலும் இழுப்புதான். ‘நடந்தா களைக்குது’ என்று ஒரு கர்ப்பிணி சொன்னால் அசதி என்று எழுதிவிடாதீர்கள். மூச்சு வாங்குவதைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்வார்கள். ஹீமோகுளோபினும் பாருங்கள், இருதயத்தையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம் சலம். நம்ம ஊரில் புண்ணில் சலம் வைக்கும், அதாவது சீழ். அவர்களுக்குச் சலம் என்றால் சிறுநீர். ‘சலம் போகேக்க எரியுது’ என்றால் புண்ணைத் தேடாமல் யூரின் டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும். சந்தேகம் வந்தால் ‘எந்த இடம் என்று கை வைத்துக் காட்டுங்க’ என்று கேட்டுவிடுவது நல்லது.

மன்னாரிலிருந்து வந்த குழந்தைக்கு 5 மாதம். பெண்டா (ஐந்து நோய்களுக்கான ஒரே தடுப்பூசி) இரண்டு டோஸ்தான் போட்டிருக்கிறது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவா?
– கிராம சுகாதார செவிலியர், உச்சிப்புளி பக்கம்

வேண்டவே வேண்டாம். அந்தக் குழந்தை எந்த ஊசியையும் தவறவிடவில்லை, அவர்கள் அட்டவணை வேறு. நாம் 6, 10, 14 வாரத்தில் போடுவதை அவர்கள் 2, 4, 6 மாதத்தில் போடுகிறார்கள். கடைசி டோஸுக்கு 4 வாரம் தாண்டியிருந்தால் மூன்றாவதைப் போட்டுவிடலாம். போட்ட டோஸ் போட்டதுதான், எத்தனை நாள் இடைவெளி விழுந்தாலும் அழியாது.

வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவும் நிமோனியா தடுப்பூசியும் அங்கே அரசு அட்டவணையில் இல்லாதவை, அதனால் அட்டையில் அந்த இடத்தைத் தேடாதீர்கள். ஒரு வயதுக்குள் இருப்பதால் இங்கே தொடங்கிவிடலாம். தட்டம்மைக்கு 9 மாதத்தில் அவர்கள் எம்.எம்.ஆர். போடுவார்கள், அது நம் முதல் எம்.ஆர். கணக்கில் வரும். இரண்டாவது டோஸ் அங்கே 3 வயதில்தான், இங்கே 16 முதல் 24 மாதத்துக்குள். ஆகவே இரண்டு வயதுப் பிள்ளை ஒரே டோஸோடு வந்து நின்றால் அந்தத் தாயைத் திட்டாதீர்கள். உட்கார வைத்து ஊசியைப் போடுங்கள்.

அட்டையே இல்லாமல் வருகிறவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலான தாய்மார்கள் நகையை விட்டாலும் அந்தத் தடுப்பூசிப் புத்தகத்தை விடுவதில்லை. 2022இல் ஒரு பெண் பிளாஸ்டிக் பையில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அப்படியும் உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது. பக்கங்களைப் பிரித்து, துணி காயப்போடும் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டோம். பேனாவில் எழுதிய பக்கமெல்லாம் நீலமாகப் பரவிவிட்டது. முத்திரை குத்திய தேதி மட்டும் நின்றது. அதை வைத்தே கணக்குப் போட்டோம். வெயிலில் காய வைக்காதீர்கள், மை இன்னும் வெளுக்கும். நிழலில் காயட்டும். காய்ந்ததும் முதல் வேலையாக போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவன் நான். இலங்கையிலிருந்து வரும் ஆட்களைப் படகுக்காரர்கள் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். போலீஸ் வரும்வரை நாங்கள் என்ன செய்யலாம்?
– மீனவர், ராமேஸ்வரம்

முதலில் கடலோரக் காவல் குழுமத்தின் 1093க்குச் சொல்லுங்கள். கரைக்கு வந்துவிட்டவர்கள் என்றால் 108க்கும் சேர்த்து.

பிறகு தண்ணீர். ராத்திரி இறக்கிவிட்டால் மறுநாள் மத்தியானம்வரை நிழலே இல்லாத மணலில் உட்கார்ந்திருப்பார்கள். தாகம் பொறுக்காமல் கடல் தண்ணீரைக் குடித்தவர்களும் இருப்பார்கள். அது உடம்பில் மிச்சமிருக்கும் தண்ணீரையும் இழுத்துவிடும். கேனோடு கொடுத்தால் மடமடவென்று குடித்து வாந்தி எடுப்பார்கள். ஒரு வாய், கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய். குழந்தைக்கு ஸ்பூனால். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்குப் பால், தாய்க்குத் தண்ணீர். படகில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு வைத்திருந்தால் உங்களுக்கும் உதவும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஒரு பாக்கெட், பாதி பாக்கெட் கணக்கெல்லாம் வேண்டாம். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

‘கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனீர்கள்’ என்று கேட்டு வைத்துக்கொண்டு 108 ஆளிடம் சொல்லுங்கள். அந்த ஒரு பதில் எங்களுக்குப் பெரிய உதவி.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. படகின் அடியில் எரிபொருளும் உப்புத் தண்ணீரும் கலந்து தேங்கும். அதில் மணிக்கணக்கில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் அதிகம், தொடையும் பின்பக்கமும் சுட்டதுபோல் தோல் உரிந்திருக்கும். வெட்கத்தில் சொல்ல மாட்டார்கள். ஈரத் துணியை மாற்றச் சொல்லி உங்கள் சாரத்தைக் கொடுங்கள். நல்ல தண்ணீரால் நிறையக் கழுவ வேண்டும். மஞ்சளும் பற்பசையும் தடவ வேண்டாம்.

அகதி, புகலிடம் கோருபவர், இரண்டும் ஒன்றா?
– பள்ளி ஆசிரியை, பாம்பன்

ஒன்றில்லை. ‘எனக்கு என் நாட்டில் ஆபத்து, இங்கே இருக்க விடுங்கள்’ என்று கேட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர் புகலிடம் கோருபவர். கேட்டது ஏற்கப்பட்டால் அகதி. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. அதனால் நம் கரையில் இந்தக் கோடு காகிதத்தில் தெளிவாக இருக்காது. மருந்துப் பெட்டியைத் திறக்கும்போது எனக்கு அது தேவைப்பட்டதும் இல்லை.

அகதியாகப் பதிவு ஆகாத ஒருவர் நெஞ்சுவலியோடு வந்தால் பார்க்கலாமா? பின்னால் பிரச்சினை வருமா?
– பெயர் வேண்டாம்

பாருங்கள். அவசர சிகிச்சைக்கு எந்தக் காகிதமும் குறுக்கே நிற்கக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு குடிமக்களுக்கு மட்டுமில்லை, இந்த மண்ணில் இருக்கும் எவருக்கும் உண்டு என்று 1996இல் தீர்ப்பு இருக்கிறது. உங்கள் பதிவேட்டில் நாடித்துடிப்பு, பிரஷர், கொடுத்த மருந்து, அனுப்பிய நேரம் இவற்றை எழுதுங்கள். எந்தப் படகில் வந்தார், யாருக்கு எவ்வளவு பணம் கொடுத்தார் என்பது நம் நோட்டில் ஏற வேண்டிய விஷயம் இல்லை. அதைக் கேட்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

மாமாவுக்கு சுகர். யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த குளிசை பாதி இருக்கிறது, இங்கேயும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் போடலாமா?
– முகாம் வாசகி

போடக் கூடாது. பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே வகை மருந்தாக இருக்கலாம். அங்கே கிளிக்ளசைட் சாப்பிட்டவருக்கு இங்கே கிளிமிபிரைடு கொடுத்தார்கள் என்று வையுங்கள். சேர்த்துப் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கி, விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி மயங்கிவிடுவார். அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனிப் பெயர், மருந்தின் பெயர் அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும். பழைய அட்டைகளைத் தூக்கிப்போடாமல் அப்படியே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். வெறும் அட்டை என்றாலும் பரவாயில்லை.

ஒருமுறை டாக்டர் முடிவு செய்துவிட்டால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். பெரிய சிகிச்சை என்று வந்தால், முகாமில் பதிவாகியிருப்பவர்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு, வருமானச் சான்று கேட்க மாட்டார்கள்.

முகாமில் பிறந்த என் மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கினால் இந்தியக் குடியுரிமை கிடைத்துவிடும் என்கிறார்களே?
– முகாம் வாசகி

கிடைக்காது. 1987 ஜூலை 1க்குப் பிறகு இங்கே பிறந்தவருக்குத் தாயோ தந்தையோ இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு அது இன்னும் இறுகிவிட்டது. ஆனாலும் சான்றிதழை வாங்காமல் விடாதீர்கள். பள்ளிக்கூடத்துக்கு வேண்டும், நாளைக்கு இலங்கைக் குடியுரிமையைப் பதியவும் வேண்டும். 21 நாளுக்குள் பதிவு செய்வது சுலபம். பெயர் முடிவாகவில்லை என்று காத்திருக்காதீர்கள், ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.

நர்சிங் மாணவி நான். ப்ராஜெக்டுக்காகப் பெண்களிடம் போர்க்கால அனுபவங்களைக் கேட்கப் போகிறேன். எப்படித் தொடங்குவது?
– ராமநாதபுரம்

தொடங்காதே அம்மா. உன் மார்க்குக்காக ஒருத்தி தன் அண்ணன் காணாமல் போன ராத்திரியைத் திரும்ப நடந்துவர வேண்டுமா? நித்திரை எப்படி, சாப்பாடு இறங்குகிறதா, யாரோடு பேசுகிறீர்கள் என்று இன்றைய நிலையைக் கேள், அதுவே நல்ல ப்ராஜெக்ட். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள், பேனாவைக் கீழே வை. பிரஷர் பார்க்கும்போது ‘கையில் இறுகும், வலித்தால் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன்’ என்று முன்னாலேயே சொல். கட்டிவைத்து அடிபட்டவர்களுக்கு அந்தப் பட்டை இறுகுவதே போதும். கதவைச் சாத்துவதா திறந்து வைப்பதா என்பதையும் அவர்களிடமே கேள். தூக்கம் போய் வாரக்கணக்காகிறது, உயிர் வேண்டாம் என்று பேசுகிறார் என்றால் நீ சுமக்காதே. 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கொடு, அன்றைக்கே உன் டீச்சரிடமும் சொல்.

பரமக்குடிக்காரி நான், இப்போது இங்கிலாந்தில் வேலை. புகலிடம் கோரி ஹோட்டலில் தங்கவைக்கப்பட்டிருக்கும் ஈழத்தமிழர்களைப் பார்க்க என்னை அனுப்புகிறார்கள். ஏதாவது சொல்லுங்கள் அக்கா.

அங்கே அவர்களுக்கு இருக்கும் உரிமையை அவர்களுக்கே எடுத்துச் சொல்லுங்கள், பலருக்குத் தெரியாது. குடும்ப டாக்டரிடம் பதிய அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ கட்டாயம் இல்லை. இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக் கட்டணத்திலிருந்து விலக்குப் பெற எச்.சி. 2 சான்றிதழ் இருக்கிறது. நீங்கள் தமிழ் என்பதால் மொழிபெயர்ப்பையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். முதல் பதிலைப் படித்துவிட்டு, முறையான மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையை அம்மாவின் மாதவிடாய்க்கு மொழிபெயர்க்க வைப்பது மட்டும் கூடவே கூடாது. அங்கே சர்க்கரையை அளக்கும் அலகு வேறு, அதனால் வீட்டாரிடம் சர்க்கரை அளவு சொல்லும்போது 18ஆல் பெருக்கிச் சொல்லுங்கள். அங்கே 7.8 என்றால் நம் கணக்கில் 140.

பதினாறு வருடம் முகாமில் இருந்துவிட்டு வவுனியாவுக்குத் திரும்புகிறோம். உடம்பு விஷயத்தில் என்ன தயார் செய்ய வேண்டும்?
– முகாம் வாசகி

பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ், பழைய ஸ்கேன், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் கையோடு வையுங்கள், பெட்டிக்குள் போடாதீர்கள். காசநோய் மருந்து நடந்துகொண்டிருந்தால் கிளம்பும் முன் இங்கேயே சொல்லி, கையில் மருந்தும் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாளும் விட்டுப்போகக் கூடாது.

மலேரியா முக்கியம். இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. அங்கே காய்ச்சல் என்று போனால் டாக்டருக்கு மலேரியா உடனே ஞாபகம் வராமல் போகலாம். ‘இந்தியாவிலிருந்து வந்திருக்கிறோம், ரத்தம் பாருங்கள்’ என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் உங்கள் மகன். இங்கேயே பிறந்து வளர்ந்தவன், எங்கள் தமிழ்தான் பேசுவான். முழங்காலில் அடிபட்டுப் புண்ணாகி, வவுனியா ஆஸ்பத்திரியில் போய் ‘சலம் வச்சிருக்கு’ என்று சொன்னால் கையில் ஒரு போத்தலைக் கொடுத்து பாத்ரூமைக் காட்டுவார்கள். இப்போதே சொல்லி வையுங்கள்.