எதை நம்பி அமெரிக்கர் ஆகிறோம்?

அன்புள்ள ஐயா,

நியூஜெர்சியில் இருக்கிறேன். அடுத்த மாதம் அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுக்கப்போகிறேன். இந்த நாட்டவருக்குப் பொதுவான இனம் இல்லை, மதம் இல்லை. சுதந்திரம், சமத்துவம்தான் எங்களை இணைக்கிறது என்கிறார்கள். அவை அடிமைகளை வைத்திருந்தவர்கள் எழுதிய வார்த்தைகள்தானே? அதை எப்படி நம்புவது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சந்தேகம் நியாயமானது. மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய, பின்னாளில் அதிபரான ஜெஃபர்சன், வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். 1790இல் வந்த குடியுரிமைச் சட்டம், வெளியிலிருந்து வருபவர்களில் வெள்ளையருக்கு மட்டுமே இடம் கொடுத்தது. ஆனால் எழுதியவர்களோடு நின்றுவிடாதீர்கள். அந்த வாக்கியத்தில் இடம் மறுக்கப்பட்டவர்கள் அதை என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள்.

ஃபிரெடரிக் டக்ளஸ் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பி வந்தவர். 1852 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் சுதந்திர தின உரையாற்ற அவரை அழைத்தார்கள். உங்கள் ஜூலை நான்கு ஓர் அடிமைக்கு என்ன என்று கேட்டார். உங்கள் கொண்டாட்டம் வெறும் வேஷம் என்று கூட்டத்தின் முகத்துக்கு நேரே சொன்னார். அதே உரையில், பிரகடனத்தின் கொள்கைகள் உங்களைக் காக்கும், அவற்றை விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னார். அந்த வாக்கியத்தை அவர் தூக்கி எறிந்திருந்தால் யார் குறை சொல்லியிருக்க முடியும்? அவரோ அதை எழுதியவர்களைவிடத் தீவிரமாக நம்பினார். 1963இல் மார்ட்டின் லூதர் கிங் அதே பிரகடனத்தைக் கடன் பத்திரம் என்று சொல்லி, பாக்கியைக் கேட்டார். அமெரிக்காவின் பொது நம்பிக்கையை உயிரோடு வைத்திருந்தவர்கள் இவர்கள்தான் என்பது என் எண்ணம்.

பெண்களும் இதைத்தான் செய்தார்கள். 1848இல் செனகா ஃபால்ஸ் என்ற ஊரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் அதே வாக்கியத்தை எடுத்து ‘ஆண்களும் பெண்களும்’ சமம் என்று திருத்தி எழுதினார்கள். டக்ளஸும் அங்கே இருந்தார். வாக்குரிமைக்கான அரசியல் சட்டத் திருத்தம் வர 1920 ஆயிற்று.

இந்தியர் கதை ஒன்றும் உண்டு. பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபிச் சீக்கியர் முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அவர் வெள்ளையர் இல்லை, ஆகவே குடிமகனாக முடியாது என்று 1923இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அநியாயம்தான். ஆனால் அவர் தரப்பு வாதம் எனக்கு அதைவிட வருத்தம் தருகிறது. வெள்ளையருக்கு மட்டும் என்ற சட்டமே தவறு என்று அது சொல்லவில்லை. உயர்சாதி ஆரியர், ஆகவே இவரும் வெள்ளையர்தான் என்றது. டக்ளஸ் கேட்டது எல்லாருக்குமான உரிமை. இந்தியருக்குப் பொதுவாகக் குடியுரிமை பெறும் வழி 1946இல்தான் திறந்தது.

சரி, நீங்கள் கேட்ட நம்பிக்கைக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்த யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வீட்டுக் குழந்தைகளை மேற்கு வர்ஜீனியாவில் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1943இல் உச்ச நீதிமன்றம் குழந்தைகள் பக்கம் நின்றது. அரசியலிலோ தேசப்பற்றிலோ மதத்திலோ எது சரியான கருத்து என்று எந்த அதிகாரியும் விதிக்க முடியாது என்று நீதிபதி ஜாக்சன் எழுதினார். அந்தக் கொடியைவிட இந்தத் தீர்ப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன். நீங்கள் எடுக்கப்போகும் உறுதிமொழியும் அரசியல் சட்டத்துக்கு விசுவாசமாக இருக்கத்தான் சொல்கிறது. ஜெஃபர்சனைப் போற்றச் சொல்லவில்லை. உங்கள் சந்தேகத்தோடேயே போய் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் டக்ளஸின் அந்த உரையை முழுவதுமாக ஒருமுறை படித்துவிடுங்கள்.