ஒரு மணல் துகளின் நிறை எவ்வளவு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள மணல் துகளின் நிறையைக் கணக்கிட்டால், அலகு மாற்றும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு விடை வருகிறது. எளிய வழி உண்டா?

உண்டு. அலகை மாற்றாமலே விட்டுவிடுங்கள். கன சென்டிமீட்டருக்கு 1 கிராம் என்பதும் கன மில்லிமீட்டருக்கு 1 மில்லிகிராம் என்பதும் ஒன்றுதான். மணலில் பெரும்பாலும் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் அடர்த்தி 2.65 என்றால் அந்த எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, நீளத்தை மில்லிமீட்டரிலேயே போடலாம். உருண்டையின் கன அளவு, விட்டத்தின் மும்மடியில் ஏறத்தாழ 0.52 பங்கு. ஆக 0.5 × 0.5 × 0.5 × 0.52 = 0.065 கன மில்லிமீட்டர். அதை 2.65-ஆல் பெருக்கினால் 0.17 மில்லிகிராம். இன்னும் சின்னப் பொருள் என்றால் மைக்ரோமீட்டரில் அளந்துகொள்ளுங்கள், விடை பிக்கோகிராமில் (கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) கிடைக்கும். 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள மூடுபனித் துளி சுமார் 4,200 பிக்கோகிராம்.

மணலின் அடர்த்தி 1.6 என்று ஓர் அட்டவணையில் இருக்கிறதே?

அது குவியலின் அடர்த்தி. துகள்களுக்கு இடையிலுள்ள காற்றும் அதில் சேர்ந்திருக்கிறது. தனித் துகளுக்கு 2.65-தான்.

நுண்ணோக்கிப் படத்தில் விட்டத்தை அளந்தேன். 10 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். நிறையிலும் அதே 10 சதவீதப் பிழைதானே?

இல்லை, இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். விட்டம் மும்மடியாவதால் 10 சதவீதம் கூடினால் நிறை 33 சதவீதம் கூடிவிடும். குறைந்தால் 27 சதவீதம் குறையும். மேலே சொன்ன 0.17 மில்லிகிராம், உண்மையில் 0.13 ஆகவும் இருக்கலாம், 0.23 ஆகவும் இருக்கலாம். அதற்குப் பக்கத்தில் துகள் குவார்ட்ஸா, கால்சைட் என்ற இன்னொரு கனிமமா என்ற சந்தேகம் ஒன்றுமே இல்லை. கால்சைட்டின் அடர்த்தி 2.71, வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அடர்த்தியின் மூன்றாவது இலக்கத்தைத் தேடும் நேரத்தில் விட்டத்தை இன்னொரு முறை அளங்கள்.

படத்தைப் பெரிதாக்கி விளிம்பைப் பாருங்கள். துகளின் குறுக்கே 20 பிக்சல்தான் இருக்கிறது என்றால், பக்கத்துக்கு ஒரு பிக்சல் மங்கலானாலே 10 சதவீதம் போய்விடும். அப்புறம், உருண்டையல்லாத துகள் கண்ணாடித் தகட்டில் பெரும்பாலும் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படித்தான் படுக்கும். நீங்கள் பார்ப்பது நீளமும் அகலமும். படத்தில் தெரியாத உயரம்தான் மூன்றிலும் சிறியது. அதனால் படத்தை மட்டும் நம்பி உருண்டை என்று எடுத்துக்கொண்டால் நிறை கூடுதலாகவே வரும். துகளின் உச்சிக்கு ஒரு முறை, தகட்டுக்கு ஒரு முறை என்று குவியம் வைத்து, இடையில் நுண்ணோக்கி நகர்ந்த தூரத்தைக் குறித்துக்கொண்டால் உயரமும் ஓரளவு கிடைத்துவிடும். பிறகு மூன்று அளவுகளையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்குங்கள்.

துகள்கள் பல அளவில் இருக்கின்றன. சராசரி விட்டத்தை வைத்துக் கணக்கிடலாமா?

கூடாது. 1 மில்லிமீட்டரிலும் 3 மில்லிமீட்டரிலும் ஒவ்வொன்று இருந்தால் சராசரி விட்டம் 2, அதன் மும்மடி 8. தனித்தனியாக மும்மடியாக்கிச் சராசரி எடுத்தாலோ 14. இரண்டாவதுதான் சரி. தராசு இருந்தால், நூறு துகளை எண்ணி மொத்தமாக நிறுத்து வகுப்பது இதைவிட நம்பகமானது.

விட்டத்தை அளக்கவே முடியாத அளவுக்குச் சிறியதென்றால்?

விழ விட்டு நேரத்தை அளக்கலாம். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த எண்ணெய்த் துளிச் சோதனையில் இயற்பியலாளர் மில்லிகன் அதைத்தான் செய்தார். 2 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள எண்ணெய்த் துளி காற்றில் ஒரு மில்லிமீட்டர் விழ எட்டு, ஒன்பது நொடி ஆகும். காற்றிலோ நீரிலோ மெதுவாக நகரும் உருண்டைக்கு ஏற்படும் தடையைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதிப்படி அந்த வேகத்திலிருந்து ஆரம் வரும். எண்ணெயின் அடர்த்தி தெரியும் என்பதால் நிறையும் வந்துவிடும், சுமார் 4 பிக்கோகிராம். வேகம் ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது. அதனால் வேகத்தில் 10 சதவீதம் தவறினாலும் நிறையில் 15 சதவீதம்தான் தவறும். ஒரு மைக்ரோமீட்டரை நெருங்கும்போது மட்டும் ஸ்டோக்ஸ் விதிக்குத் திருத்தம் தேவை. காற்று மூலக்கூறு ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையில் செல்லும் சராசரி தூரம் அந்தத் துளிக்கு முன்னால் அலட்சியப்படுத்தக்கூடியது அல்ல. மில்லிகனும் அந்தத் திருத்தத்தைச் சேர்த்தே கணக்கிட்டார்.