தமிழகத்தில் பிறந்த மகளுக்கு இலங்கை அடையாள அட்டை

2006இல் வேலூரில் பிறந்து இப்போது வவுனியாவில் இருக்கும் உங்கள் மகளின் அடையாள அட்டை விண்ணப்பம் ஏன் திரும்பி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். இந்தியப் பிறப்புச் சான்றிதழ் அவர் எங்கே பிறந்தார் என்பதை மட்டுமே காட்டும். அவர் இலங்கைப் பிரஜை என்று காட்டாது. விண்ணப்பம் திரும்பி வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இலங்கையின் 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் பதிய வேண்டும். தமிழகத்தில் அகதி முகாமில் இருந்த பலருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அது உங்கள் தவறு அன்று.

முதலில், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம் தந்த பிரஜாவுரிமைச் சான்றிதழ் வீட்டில் இருக்கிறதா என்று பழைய கோப்புகளில் தேடுங்கள். இல்லையென்றால், பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்களோடும் திருமணச் சான்றிதழோடும் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் தாமதப் பதிவு கோருங்கள்.

கொடுக்கும் முன் பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தமிழகச் சான்றிதழில் தந்தையின் பெயர் வெறும் தலைப்பெழுத்தாகவும், இலங்கைச் சான்றிதழில் முழுப்பெயராகவும் இருந்தால், இருவரும் ஒருவரே என்ற சத்தியக் கடதாசியும் கேட்கப்படலாம்.

மகள் ஏற்கெனவே இந்தியக் கடவுச்சீட்டு பெற்றிருந்தால் இந்த வழி அப்படியே பொருந்தாது. அதை மறைக்காமல் திணைக்களத்திலேயே சொல்லிக் கேளுங்கள்.