லீவ் இட் டு பீவர்: கேளுங்கள், சொல்கிறேன்

1957 முதல் 1963 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய குடும்ப நகைச்சுவைத் தொடர் 'லீவ் இட் டு பீவர்'. மேஃபீல்டு என்ற கற்பனை ஊரில் அப்பா வார்டு, அம்மா ஜூன், மூத்தவன் வாலி, இளையவன் பீவர். இவ்வளவுதான் குடும்பம். படப்பிடிப்பு, தயாரிப்பு, பிரதிகள் பற்றிக் கேளுங்கள், விரிவாகச் சொல்கிறேன். பழைய பொருட்களின் சந்தை விலைக்கு நான் ஆள் இல்லை. கேட்பதற்கு முன் மேலே உள்ள பதில்களைப் படித்துவிடுங்கள். படிக்க மாட்டீர்கள், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

புதுவாசகி: சார், நான் ஒரு பகுதிகூடப் பார்த்ததில்லை. எங்கே தொடங்குவது?

முதல் பருவத்திலேயே தொடங்குங்கள். பருவத்துக்கு 39 பகுதி, ஆறு பருவம், மொத்தம் 234. 'கேப்டன் ஜாக்' என்ற பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பையன்கள் இருவரும் அஞ்சலில் முதலைக் குட்டி வரவழைத்து, கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளித்து வளர்ப்பார்கள். கழிப்பறையைத் திரையில் காட்டக்கூடாது என்று தணிக்கைப் பக்கத்திலிருந்து தடை வந்தது. மேலே உள்ள தொட்டியைக் காட்டலாம், கீழே உள்ள பீங்கானைக் காட்டக்கூடாது என்று பேசி முடித்தார்கள். அந்த இழுபறியில், முதலாவதாக வரவேண்டிய பகுதி இரண்டாவதாகப் போனது. முதலாவதாக ஒளிபரப்பானது 'பீவர் கெட்ஸ் ஸ்பெல்டு', 1957 அக்டோபர் 4. சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும் அதே நாள்.

பார்ப்பதற்கு முன் ஒன்று: கையில் இருப்பது வெட்டாத பிரதியா என்று பாருங்கள். இதை இன்னும் பல தடவை சொல்லப்போகிறேன்.

ரீல்பெட்டி: அதை எப்படிக் கண்டுபிடிப்பது? என்னிடம் இருப்பவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம்.

நல்ல கேள்வி. முதலில் நேரம். தலைப்பு, முடிவுப் பெயர்கள் எல்லாம் சேர்த்து ஒரு முழுப் பகுதி ஏறக்குறைய 25, 26 நிமிடம் இருக்கவேண்டும். 22 நிமிடம்தான் இருக்கிறது என்றால், மறுஒளிபரப்பில் விளம்பரத்துக்கு இடம் பண்ணுவதற்காக வெட்டியது. வெட்டுபவர் கதையில் கைவைக்க மாட்டார். பையன்கள் படுக்கையறையில் சும்மா பேசிக்கொண்டிருக்கும் காட்சியில்தான் கத்தரி விழும். இந்தத் தொடரின் உயிரே அந்தப் பேச்சுதான்.

அடுத்தது வேகம். படம் எடுத்தது 35 மில்லிமீட்டர் ஃபிலிமில், நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). ஐரோப்பா போன்ற இடங்களின் பால் (PAL) ஒளிபரப்பு முறைக்கு மாற்றிய பிரதி நொடிக்கு 25 சட்டகமாக ஓடும். அதனால் 25 நிமிடம் 30 நொடி உள்ள பகுதி 24 நிமிடம் 29 நொடியில் முடிந்துவிடும். காட்சி ஒன்றும் போகாது, ஆனால் குரல் முக்கால் அரைச்சுரம் அளவுக்கு ஏறிவிடும். பீவரின் குரல் ஏற்கெனவே கீச்சுக்குரல், இதில் இன்னும் மெலிந்துவிடும். வெட்டா வேகமா என்று பிரித்தறிய, ஒரே காட்சியை இரண்டு பிரதியிலும் நிறுத்துக்கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். 100 நொடிக் காட்சி 96 நொடி ஆனால் பால் வேகம். காட்சி நீளம் ஒன்றாக இருந்து மொத்த நேரம் மட்டும் குறைந்தால் வெட்டு. மறுஒளிபரப்புக்காக வெட்டி, அதற்கு மேல் வேகமும் கூட்டிய பிரதிகளும் உண்டு.

மூன்றாவது, படத்தின் வடிவம். இது 4:3 படம், அதாவது அகலம் நான்கு பங்கு என்றால் உயரம் மூன்று. அகலத்திரைக்காக மேலும் கீழும் நறுக்கினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். வார்டு உட்கார்ந்திருக்கும்போது உச்சந்தலை காணவில்லை என்றால் நறுக்கல்தான். முகங்கள் சப்பையாக அகன்று தெரிந்தால் அது வெறும் இழுப்பு. டிவியில் 4:3 அமைப்புக்கு மாற்றினால் சரியாகிவிடும். நறுக்கியதற்கு வைத்தியம் கிடையாது.

2010ல் ஷவுட் ஃபேக்டரி என்ற நிறுவனம் ஆறு பருவங்களையும் ஒரே பெட்டியாக டிவிடியில் கொண்டுவந்தது. தேடுவதானால் அதைத் தேடுங்கள்.

வண்ணத்திரை: கலரில் எடுத்த பகுதிகள் ஏதாவது உண்டா?

கிடையாது. 234ம் கறுப்பு வெள்ளை.

கால்ஷீட்: ஒரு பகுதி எடுக்க எத்தனை நாள் ஆனது? அந்தக் காலத்தில் ஒரே வாரத்தில் இரண்டு பகுதி முடிப்பார்கள் என்கிறார்களே?

மற்ற தொடர்களில் முடித்தார்கள். இங்கே வாரத்துக்கு ஒன்றுதான். காரணம் சட்டம்: குழந்தை நடிகர்கள் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்தான் கேமரா முன் வேலை செய்யலாம் என்பது அன்றைய விதி. இந்தத் தொடரிலோ எங்கு திரும்பினாலும் குழந்தைகள்.

முந்தின வாரக் கடைசியில் கதைப்பிரதி நடிகர்கள் கைக்கு வந்துவிடும். திங்கட்கிழமை எல்லோரும் உட்கார்ந்து வாசிப்பார்கள். வாயில் வராத வசனங்களைக் குறித்துத் திருத்துவார்கள். செவ்வாய் மதியம், கேமரா, விளக்குக் குழுவினர் பார்க்க முழு ஒத்திகை. புதன், வியாழன், வெள்ளி படப்பிடிப்பு. குழந்தைகள் வரும் காட்சிகள் முதலில். பெரியவர்கள் மட்டும் வரும் காட்சிகளுக்கு மாலை 5 மணிக்கு மேல்தான் முறை வரும்.

இப்படிப் பிரித்து எடுக்க ஒற்றைக் கேமரா முறையால்தான் முடியும். மூன்று கேமரா வைத்து, எதிரே பார்வையாளர்களை உட்காரவைத்து, நாடகம் மாதிரி ஒரே ஓட்டமாக எடுக்கும் 'ஐ லவ் லூசி' பாணியில் ஒரு பையனை நான்கு மணி நேரத்தில் விடுவிப்பது நடக்காத காரியம். செலவுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன்: 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஒரு பகுதிக்குத் திரையில் வருவது மட்டுமே ஏறக்குறைய 2,300 அடி. ஒரு காட்சியை நான்கு தடவை எடுத்தால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

முத்துச்சரம்: ஜூன் முத்துமாலையும் குதிகால் செருப்பும் போட்டுக்கொண்டு வீடு பெருக்குவது சிரிப்பாக இல்லையா? ஐம்பதுகளின் பெண்ணடிமைச் சின்னம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்.

கட்டுரையாளர் கேமராமேனைக் கேட்டிருக்கலாம். ஜூனாக நடித்த பார்பரா பில்லிங்ஸ்லியின் கழுத்தடியில் ஒரு குழி உண்டு. விளக்கு அடித்தால் அங்கே நிழல் விழும். அதை மறைக்கத்தான் மாலை. குதிகால் செருப்பு, பையன்கள் வளர வளர அம்மா குள்ளமாகத் தெரியாமல் இருக்க. ஆரம்பப் பகுதிகளைப் பாருங்கள், செருப்பு அவ்வளவு உயரம் இருக்காது. அந்தக் காலப் பெண்களின் நிலை பற்றி விவாதிக்க இந்தத் தொடரில் நிறைய இடம் உண்டு. அதற்கு மாலையைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

செய்திவேட்டை: பீவராக நடித்தவர் வியட்நாம் போரில் இறந்துவிட்டாராமே?

வதந்தி. ஜெர்ரி மேதர்ஸ் வியட்நாமுக்குப் போகவே இல்லை. 1980களில் அதே வேடத்தில் திரும்பவும் நடித்தார்.

ஒற்றைத்தடம்: எனக்கு இந்தத் தொடரில் பிடிக்காத ஒன்றே ஒன்று பின்னணிச் சிரிப்பு. பார்வையாளர் இல்லாமல் எடுத்ததில் யார் சிரிக்கிறார்கள்? அதை நீக்கிவிட வழி உண்டா?

சிரிப்பவர்கள் பெட்டிக்குள் இருக்கிறார்கள். சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனத்தின் ஒலிப் பொறியாளர் சார்லஸ் டக்ளஸ் உருவாக்கிய இயந்திரம் அது. உள்ளே 32 நாடா வளையங்கள், வளையத்துக்குப் பத்தாக 320 சிரிப்புகள். தட்டச்சு மாதிரி விசைகள், சிரிப்பு எவ்வளவு நேரம் நீளவேண்டும் என்று அடக்க ஒரு கால்மிதி. அவர் யாரையும் உள்ளே எட்டிப்பார்க்க விடமாட்டார், பூட்டுப் போட்டே வைத்திருப்பார். பின்னணிச் சிரிப்பைத் தொடங்கிவைத்ததே டக்ளஸ்தான் என்று நினைப்பது தவறு. 1950லேயே 'ஹாங்க் மெக்கியூன் ஷோ' அதைப் பயன்படுத்திவிட்டது.

நீக்க முடியுமா? சுத்தமாக முடியாது. பேச்சு, இசை, சிரிப்பு எல்லாம் கலந்து ஒரே மோனோ தடத்தில், இடது வலது என்ற பிரிவே இல்லாமல் இருக்கிறது. இடது வலது கழித்துப் பார்க்கும் பழைய தந்திரம் மோனோவில் செல்லாது. இப்போதைய ஒலிப்பிரிப்பு மென்பொருள்கள் சிரிப்பு தனியாக வரும் இடத்தில் நன்றாகவே துடைக்கும். வசனத்தின் மேல் படர்ந்திருக்கும் இடத்தில் உயிரெழுத்துகளைக் கடித்துத் தின்றுவிடும்.

கருவெள்ளை: குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். நீக்கவே கூடாது என்பேன். அது அந்தக் காலத்தின் ஒலி. ஓவியத்தில் பிடிக்காத நிறத்தைச் சுரண்டுவீர்களா?

ஒற்றைத்தடம்: ஓவியர் பூசியதைச் சுரண்டச் சொல்லவில்லையே! சேனல்காரன் பிறகு பூசியதைத்தான் சொல்கிறேன். எழுதியவர்களே பெரிய சிரிப்பு வேண்டாம் என்றவர்கள்தானே, ஐயா?

நீங்கள் சொன்னதில் பாதி சரி. தொடரை உருவாக்கி எழுதிய ஜோ கானலி, பாப் மோஷர் இருவரும், ஒரு வசனத்துக்குச் சிரிப்பு அதிகமாக வந்தால் அதை எடுத்துவிடுவார்களாம். மேதர்ஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். புன்னகை போதும், வெடிச்சிரிப்பு வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. அதனால்தான் இதில் சிரிப்பொலியும் அடக்கமாகவே இருக்கிறது.

மறுபாதியைக் கருவெள்ளைக்குக் கொடுக்கிறேன், வேறு காரணத்துக்காக. சிரிப்பு வரும் என்று தெரிந்தேதான் படத்தொகுப்பாளர் இடைவெளி விட்டு வெட்டுகிறார். சிரிப்பை எடுத்துவிட்டால் அந்த ஒன்று, ஒன்றரை நொடி அப்படியே நிற்கும். வார்டு ஒரு வசனம் சொல்லிவிட்டு ஜூனை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இடைவெளியையும் வெட்டினால் உடல் அசைவு குதிக்கும். சிரிப்பை மட்டும் தனியே பிடுங்க வராது.

கருவெள்ளை: அப்படியானால் வென்றது நான்.

ஒற்றைத்தடம்: எங்கே வென்றீர்கள்? முடியாது என்றார், கூடாது என்று சொல்லவில்லை.

இருவரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். செய்ய ஆசைப்பட்டால் முழுவதையும் நீக்காமல், சிரிப்பு தனியாக வரும் இடங்களில் மட்டும் 6 முதல் 10 டெசிபல் குறைத்துப் பாருங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் கால் நொடி மெதுவாக ஏற்றி இறக்குங்கள், இல்லாவிட்டால் அறையின் இரைச்சல் வெட்டுப்பட்டது காதில் விழும். மூலத்தை அழிக்காதீர்கள்.

நிறமாலை: கலர் பிரதி எங்கே கிடைக்கும்?

மேலே பார்க்கவும்.

சீப்புக்கோடு: டிவிடியைக் கணினிக் கோப்பாக மாற்றினால், ஆட்கள் அசையும்போது ஓரங்களில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் வருகின்றன. டீஇன்டர்லேஸ் போட்டேன், படம் மங்கிவிட்டது.

போடவேண்டியது அது இல்லை. மூலம் 24 சட்டகம் ஃபிலிம். அமெரிக்க முறைக்கு மாற்றும்போது ஒரு சட்டகத்தை இரண்டு புலமாகவும் (புலம் என்பது ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்த பாதிக் கோடுகள்) அடுத்ததை மூன்று புலமாகவும் மாற்றி மாற்றி நிரப்புவார்கள். சீப்புக்கோடு அங்கிருந்து வருகிறது. டீஇன்டர்லேஸ் பாதிக் கோடுகளை ஊகித்து நிரப்பும், அதனால்தான் மங்கல். உங்களுக்கு வேண்டியது டீடெலிசினி, அந்த இரண்டு மூன்று நிரப்பலைத் திருப்பி மூலச் சட்டகங்களை மீட்கும் வடிகட்டி. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் அந்த வடிகட்டியை இயக்கி, டீஇன்டர்லேஸை அணைத்து, சட்டக வேகம் 23.976, மாறா வேகம் என்று வையுங்கள். அதிலுள்ள தர எண், ஆர்எஃப், 18 முதல் 20. இரைச்சல் நீக்கியைத் தொடவே வேண்டாம். அந்தப் பொடிப்பொடியான மணல்தான் ஃபிலிம், அதைத் துடைத்தால் பார்பராவின் முகம் மெழுகுபொம்மை ஆகிவிடும். முதலில் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றைச் செய்து பாருங்கள். டிவிடியிலேயே வீடியோவாகத் தொகுத்து எழுதிய பகுதி என்றால் டீடெலிசினி தடுமாறும், அதற்கு மட்டும் டீஇன்டர்லேஸ்.

வீட்டுவரைபடம்: நடுவில் வீடு மாறிவிடுகிறதே?

கண் கூர்மை. முதல் இரண்டு பருவம் ரிபப்ளிக் ஸ்டுடியோவில் எடுத்தார்கள், கதைப்படி 485 மேப்பிள்டன் டிரைவ். பிறகு யுனிவர்சலுக்கு மாறியதால் வேறு முகப்பு, 211 பைன் ஸ்ட்ரீட்.

பெட்டிக்கடை: பீவர் படம் போட்ட பழைய பொருள் ஒன்று இருக்கிறது. என்ன விலை போகும்?

ஏலக்காரரைக் கேளுங்கள்.

எழுதுகோல்: இதே பாணியில் ஒரு குடும்ப நகைச்சுவை எழுதுகிறேன். முதல் பகுதி 40 பக்கம் வந்துவிட்டது. எங்கே தவறு?

ஒற்றைக் கேமரா முறையில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு. 25 நிமிடத்துக்கு 40 பக்கம் என்றால் உங்களிடம் இரண்டு கதை இருக்கிறது. இந்தத் தொடரில் ஒரு பகுதிக்கு ஒரே ஒரு தப்புதான். பையன் சின்னதாக ஒன்று செய்வான், மறைப்பான், கூட்டாளி ஒருவன் தவறான யோசனை சொல்வான், மாட்டிக்கொள்வான். அதன்பிறகு வார்டு பேசுவார். பெரியவர்களும் பாதி நேரம் தப்பாகவே புரிந்துகொண்டிருப்பார்கள் என்பதைக் கவனியுங்கள், அது இல்லாவிட்டால் அறிவுரை வகுப்பாகிவிடும்.

கானலிக்கு ஏழு குழந்தைகள், மோஷருக்கு இரண்டு. பீவருக்கும் வாலிக்கும் மாதிரி கானலியின் மகன்கள்தான். புது எழுத்தாளர் வந்தால், சூழ்நிலையை உட்கார்ந்து புனையாதே, உன் வாழ்க்கையில் தேடு என்பார்கள். உங்கள் 40 பக்கத்தில் சிரிக்கவைக்க மட்டுமே இருக்கும் வசனங்களை அடிக்கோடிடுங்கள். எடுத்தால் கதை நகர்கிறதா பாருங்கள். நகர்ந்தால் எடுத்துவிடுங்கள்.

பழையஆன்டெனா: அந்தக் காலத்தில் இதுதானே முதலிடத்தில் இருந்த தொடர்?

இல்லை. பார்வையாளர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும் நீல்சன் பட்டியலில் முதல் 30க்குள் ஒரு பருவம்கூட வந்ததில்லை. முதல் பருவத்துக்குப் பிறகு சிபிஎஸ் கைவிட்டு, ஏபிசி எடுத்துக்கொண்டது. மறுஒளிபரப்புதான் இதற்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது. ஆம், அதே வெட்டிய பிரதிகள்.

துக்கச்செய்தி: பீவர் வியட்நாமில்...

இல்லை.

ஒற்றைத்தடம்: 8 டெசிபல் குறைத்துப் பார்த்தேன். 'கேப்டன் ஜாக்' நன்றாகவே இருக்கிறது. ஆனால் மொத்தம் 22 நிமிடம்தான் வருகிறது, ஏன்?

ரீல்பெட்டிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். படித்துவிட்டு வேறு பிரதி தேடுங்கள், டெசிபலை அப்புறம் பார்க்கலாம்.